பின்காற்றுக்கு ஒரு நவநாள்

"8 ஒக்டோபர் 2024, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை விட்டேன். காற்று முதுகில் படும்படி திரும்பினால் விமானம் வேகமிழந்து விழும் என்று சோதனைத் தாளில் எழுதினேன். விழாது. தரையை வைத்துப் பார்த்தால்தான் வேகம் மாறும். சீரான காற்றை வைத்துப் பார்த்தால் வேகமும் ஆற்றலும் அப்படியே இருக்கும்."

பிழை தாளோடு போயிருக்கும். ஆனால் முதல்நாள் அந்த விடையை ஜெஸ்ரின் குசினியில் நின்று உரத்துப் பாடமாக்கியிருந்தான். பக்கத்தில் அம்மா றோஸ்மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பகலில் மருந்துக்கடை வேலை, செவ்வாய் மாலைகளில் லண்டன் குரோய்டனில் விமானப் பாட வகுப்பு. பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை, அவன் முதன்முதலாகத் தனியே பறக்க வேண்டும். இரண்டு வருடம் காத்திருந்த நாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், வரவேற்பறையில் பங்குச் செபக்குழுவின் ஆறு பெண்கள் முழந்தாளில் நின்றார்கள்.

"என்னம்மா இது?"

"நவநாள் செபம். இண்டைக்கு முதல் நாள், ஒன்பதாம் நாள் நீ பறக்கிற சனிக்கிழமை. அண்டைக்குக் காத்து வீசக்கூடாதெண்டு மாதாவிட்டைக் கேக்கிறம்."

"காத்து ஒண்டும் செய்யாதம்மா!"

"நீதானே சொன்னனி, விழும் எண்டு?"

"பேசாமல் இரும் தம்பி," என்றாள் குழுத்தலைவி மேரிசாந்தி. "செபமாலை எண்ணிக்கை பிழைக்கப்போகுது."

வகுப்பு ஆசிரியர் திருமாறன், மலேசியத் தமிழர், ஓர் உதாரணம் சொல்லியிருந்தார். "ஓடுற ட்ராம் உள்ளே நடக்கிறதா நினைச்சுப் பாருங்க. முன்னால நடந்தாலும் பின்னால நடந்தாலும் முகத்துல படுற காத்து ஒண்ணுதான்."

நினைத்துப் பார்ப்பதோடு விடுகிற பிள்ளை அல்ல ஜெஸ்ரின். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவை ட்ராமில் ஏற்றி, கடதாசிக் காற்றாடியைப் பிடித்தபடி பெட்டிக்குள் முன்னும் பின்னும் நடந்தான்.

"பாருங்கோம்மா, திரும்பினாலும் அதே சுத்துத்தான்!"

"சனம் பாக்குது. இரடா."

அந்த நேரம் பார்த்து ட்ராம் சடாரென்று பிரேக் போட்டது. ஜெஸ்ரின் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் லீக்ஸ் மரக்கறிக் கூடைக்குள் போய் விழுந்தான்.

"இது என்ன?" என்றாள் றோஸ்மலர்.

பொய் சொல்லத் தெரியாதவன், லீக்ஸைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான். "இது காத்து திடீரெண்டு மாறுற மாதிரி. அது... ஆபத்துத்தான்."

திங்கட்கிழமை வரவேற்பறையில் இருபத்துமூன்று பேர். சப்பாத்துகள் படிக்கட்டு வரை வந்துவிட்டன.

அம்புக்குறிகளோடு படம் கீறிக் காட்டினான். அம்புகளைப் பார்த்துப் பயந்த அன்ரிமார் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். தன் விளக்கத்தில்தான் ஏதோ பிழையோ என்று அவனுக்கே சந்தேகம் பிடித்தது. வியாழன் செபம் முடிந்ததும், வேறு வழியின்றி, சிவப்புக் கோடு விழுந்த தாளை அம்மாவின் கையில் கொடுத்தான்.

"நான் எழுதினது பிழையம்மா. இதுக்கு முட்டை."

றோஸ்மலரின் முகம் மலர்ந்தது. "நீ பிழை விட்டனியோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே! அதெண்டால் நம்புவன்." உடனே மேரிசாந்திக்கு போன் போட்டாள். "நாளைக்கு ஒருத்தரும் வரவேண்டாம் அக்கா. காத்தால பிரச்சினை இல்லையாம்."

சனிக்கிழமை காலை ஜெஸ்ரின் விமானத் தளத்தில் நின்றான். விமானம் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. தளமே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று மூடுபனி.

"இன்னிக்கு யாரும் பறக்க முடியாது தம்பி," என்றார் திருமாறன். "கொஞ்சம் காத்து அடிச்சாக்கூட இது கலைஞ்சிடும். இலைகூட அசையலையே!"

போன் அடித்தது. மேரிசாந்தி.

"தம்பி, அங்கை காத்து இருக்கோ?"

"துளியும் இல்லை அன்ரி."

"எனக்குத் தெரியும்! கொம்மா விடச் சொன்னவதான். தொடங்கின நவநாளை இடையில விடலாமோ? மிச்ச ரெண்டு நாளும் நான் தனிய இருந்து சொல்லி முடிச்சனான்."

வீட்டுக்கு வந்து ஜெஸ்ரின் நாட்குறிப்பைத் திறந்தான்.

"நாளை: பூசை முடிந்ததும் மேரிசாந்தி அன்ரியிடம் அடுத்த நவநாளுக்குத் துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து, மணிக்குப் பத்து மைல், சீராக."