தென்னந்தோப்பில் ஒரு மாலத்தீவு

இந்த உலகத்தில் எந்தக் காரியத்தையும் முதல் தடவையாகச் செய்யாத ஒரே மனிதர் எங்கள் பெரியபட்டினத்து ரிகர்சல் பாய்தான். தன் கல்யாணத்துக்கு முந்தின வாரமே மாப்பிள்ளை உடையில் தெருவை ஒருமுறை நடந்து பார்த்து, செருப்பு கடிக்கிறது என்று மாற்றிக்கொண்டவர். பல் பிடுங்கப் போவதற்கு முன்னால் வாயைத் திறந்தபடி அரைமணி நேரம் கண்ணாடி முன் நின்றவர். ஐஸ் பிளாண்ட்டில் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை ஆதார் அட்டையைத் தவிர வேறு யாரும் உபயோகித்ததில்லை.

இப்படிப்பட்டவரின் மனைவிக்கு மாலத்தீவில் வேலை கிடைத்தது.

நசீமா கணக்கு டீச்சர். பெயரை இருமுறை சொன்னாலும் வாயில் நிற்காத ஒரு குட்டித் தீவின் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போகலாம். எங்கள் ஊரில் ஆண்கள் வளைகுடாவுக்குப் போவார்கள், பெண்கள் வாசலில் நின்று வழியனுப்புவார்கள். இது தலைகீழாக இருந்ததால் தெருவே ரசித்தது.

"ஏலே, பொண்டாட்டி விசாவுல போறியாமே? அங்கன போயி என்ன செய்வ?" என்றார் டீக்கடைக்காரர்.

"சோறாக்குவேன்ணே. ஒங்க டீ மாதிரி இருக்காது, வாயில வைக்கிற மாதிரி இருக்கும்."

வாயில்தான் தைரியம். இளையவள் ஹனாவுக்கு ஐந்து வயது, இளைப்பு உண்டு. காற்று மாறினால் குழந்தையின் நெஞ்சில் விசில் கேட்கும். அந்தத் தீவில் இருப்பதோ சின்ன மருத்துவமனை. பெரிய டாக்டர் வேண்டுமானால் படகேறி அடுத்த தீவுக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு கிடையாது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதில்லை என்று நசீமா டீச்சர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். போனால் நால்வரும்; இல்லையென்றால் வேலை வேண்டாம் என்று பதில் எழுத வேண்டியதுதான். பள்ளிக்கூடக்காரர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

நான் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கேள்விக்கு எந்த விதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். துரதிர்ஷ்டம், பாய் கேட்ட எந்தக் கேள்விக்கும் விதி கிடையாது.

"சூப்ரண்டு சார், சுனாமி வந்தா அந்தத் தீவுல மேடு எங்கன இருக்கு?"

"மேடெல்லாம் இருக்காது பாய். உயரமா இருக்கிறது தென்னமரந்தான்."

"அப்ப ஏறப் பழகணும்," என்று கிளம்பிவிட்டார். அன்று மாலை அவரை மரத்திலிருந்து இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அடுத்து விமான நிலைய ரிகர்சல். என் வீட்டு முற்றத்தில் என்னையே பிளாஸ்டிக் நாற்காலியில் குடியேற்ற அதிகாரியாக உட்கார வைத்தார். நானும் பழைய குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"விசா யார் மூலமா?"

"அவ மூலமா சார்."

"நீங்க எதுக்குப் போறீங்க?"

"அதத்தான் சார் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்," என்றார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவ்வளவு உண்மையான பதிலை நான் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று மட்டும் எச்சரித்தேன்.

பிறகுதான் தீவு வந்தது. தீவைச் சுற்றிவர எவ்வளவு நேரமாகும் என்று அங்கேயே வேலை பார்க்கும் ஒரு டீச்சரிடம் போனில் விசாரித்திருக்கிறார். ஒரு டீ ஆறும் நேரம்தான் என்று பதில் வந்திருக்கிறது. கடற்கரையோரம் மாமனாருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. மூத்த மகனைக் கையில் டீக் கிளாஸோடு நிறுத்திவிட்டு, அது ஆறும்வரை தோப்பை வளைத்து நடந்து, நடந்த தடத்திலேயே பழைய வலைக்கயிற்றை இழுத்துக் கட்டினார். உள்ளே காவல் கொட்டகை. கயிற்றுக்கு உள்ளே தீவு, வெளியே இந்துமாக்கடல். குடும்பத்தோடு ஒரு வாரம் வாழ்ந்து பார்த்துவிட்டுத்தான் பதில்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். எங்கள் பக்கம் வெளிநாடு கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வது வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ ஏதும் குற்றம் செய்திருந்தால் மாப்பு பண்ணுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்பார்கள். ரிகர்சல் என்றால் முழு ரிகர்சல் அல்லவா? பாய் தெரு முழுக்கப் பயணம் சொல்லிவிட்டார். பெண்கள் அழுதார்கள். ஊறுகாய், அல்வா, கருவாடு எல்லாம் வந்து குவிந்தன. ஆமினா மாமி துபாயிலிருக்கும் மகனுக்கென்று ஒரு டப்பா மாசிக்கருவாட்டுத் தூள் கொடுத்தார். வெளிநாடுகள் எல்லாம் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன என்பது மாமியின் பூகோளம்.

மறுநாள் காலையில் அதே மாமி தோப்புப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். மாலத்தீவில் பல் விளக்கிக்கொண்டிருந்த பாயைப் பார்த்தார்.

"அட நாசமாப் போறவனே! நேத்து ஒனக்காக அழுத அழுகையில எனக்குத் தலவலி இன்னும் நிக்கல. இங்கன என்னலே செய்யிற?"

"மாமி, மாமி, கடல்ல நிக்கிறீங்க. ஆட்டப் புடிங்க, முங்கிரப் போகுது!"

"மாசித்தூள எடுலே மொதல்ல!"

கடல் வழியாகவே டப்பா கைமாறியது.

எனக்கும் அந்தத் தீவில் ஒரு பதவி இருந்தது. நான்தான் படகு. தினமும் காலையில் கயிற்றருகே போய் நின்று, காய்கறிப் பையை உள்ளே கொடுக்க வேண்டும். பாய் நிஜக் கடலை எட்டிப் பார்த்து, அலை சாதுவாக இருந்தால்தான் வாங்கிக்கொள்வார். இல்லையென்றால், "இன்னைக்குப் போட்டு வராது சார், திரும்பிருங்க," என்பார். ஒருநாள் முருங்கைக்காயோடு நடுக்கடலில் வெயிலில் நின்றுவிட்டு வீடு திரும்பினேன். அரசாங்கத்தில்கூட யாரும் என்னை அப்படி நடத்தியதில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மேற்கேயிருந்து கச்சான் காற்று பேயாக அடித்தது. மாலையில் வேடிக்கை பார்க்கப் போனேன். நான் கயிற்றை நெருங்கியபோது ஹனாவின் இருமல் கேட்டது. வழக்கமான இருமல் இல்லை. குழந்தையின் தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. அந்த விசில் என் காதுக்கே எட்டியது.

பாய் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போட்டு இல்லையே சார்," என்றார், நிஜமாகவே அழுதுவிடுகிற குரலில். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கயிற்றைத் தாண்டினார். தாண்டவும் இல்லை, கால் மாட்டி விழுந்து எழுந்து, செருப்பில்லாமல், மணலும் முள்ளும் பாராமல் மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினார். அத்தனை ரிகர்சலில் இந்த ஓட்டம் மட்டும் ஒருமுறைகூட இடம்பெறவில்லை.

நசீமா டீச்சர் ஓடவில்லை. ஹனாவை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்தார். மூத்தவன் எடுத்துக் கொடுத்த, குழாய் மாட்டிய இன்ஹேலரை வாங்கி வாயில் பொருத்தினார்.

"ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லுவோமா? நான் சொல்றேன், நீ மூச்ச இழு. ஓரெண்டு ரெண்டு... இழு... ஈரெண்டு நாலு..."

டீச்சரின் குரலில் நடுக்கமில்லை. கால் பெருவிரல் மட்டும் மணலைக் கீறிக்கொண்டே இருந்தது. கயிற்றுக்கு வெளியே நானும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். விதிகள் தெரிந்தவனுக்கு வேறென்ன செய்யத் தெரியும்? வாய்ப்பாடு முடிந்து, நிதானமாக இரண்டாம் முறை ஓடிக்கொண்டிருந்தபோது குழந்தையின் தோள்கள் இறங்கின. விசில் தேய்ந்தது.

அப்போது ஆட்டோ வந்தது. கயிற்றருகே வந்ததும் டிரைவர் பிரேக் போட்டார். "பாய், உள்ள வரலாமா?" என்று கேட்டார். தீவின் கீர்த்தி அவ்வளவு தூரம் பரவியிருந்தது.

முழங்காலில் ரத்தத்தோடு இறங்கிய பாயை ஹனா கண்டிப்பாகப் பார்த்தாள்.

"வாப்பா, கடல்ல நடந்துட்டீங்க. நீங்க அவுட்டு."

பாய் கயிற்றுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று தெரியவில்லை.

"டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிருவோம்," என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டே டீச்சர் அருகில் வந்தார். "ஆனா பாத்துக்கிட்டீங்களா? போட்டு இல்லாத நாள்தான் இது. தீவுக்குள்ள வச்சே மூச்ச சீராக்கிட்டேன்."

"பாத்தேன்," என்றார் பாய். "எல்லாத்தையும் நீயே பாத்துக்கிருவ. அப்ப நான் எதுக்கு அங்கன?"

டீச்சர் அவருடைய முழங்காலைப் பார்த்தார். "கடல்ல நடந்து ஆட்டோ கூட்டியாரதுக்கு," என்றார்.

அந்த வாரமே பதில் போனது. கிளம்பும் நாளில் பாய் மறுபடியும் வீடு வீடாகப் பயணம் சொன்னார். யாரும் நம்பவில்லை, யாரும் அழவில்லை. ஆமினா மாமி மாசித்தூள் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். திருவனந்தபுரத்தில் குடியேற்ற அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாராம். "இவங்களோட இருக்கிறதுக்கு," என்று பாய் யோசிக்காமல் சொன்னாராம். அதை டீச்சர் போனில் சொன்னார். விதிப்படியான பதில் அதுவல்ல. ஆனாலும் விட்டுவிட்டார்கள்.

கயிற்றை யாரோ ஆடு கட்ட அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தோப்பு இப்போது வெறும் தோப்புதான். இருந்தாலும் காலை நடையில் அந்த இடம் வரும்போது நான் வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன், நனைந்துவிடக்கூடாதே என்று.