மாப்பிள்ளை பெயரில் விழுந்த குண்டு

தோற்றவர்களில் இரண்டு வகை. தன்னைக் குறை சொல்பவர்கள், கையில் இருக்கும் பொருளைக் குறை சொல்பவர்கள். இருபது வயதில் நான் இரண்டாம் வகை.

ராஜபாளையத்தில் பெண்கள் கல்லூரியில் படித்தபடியே ஏர் ரைஃபிள் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். (போட்டிகள் என்றால் இரண்டு. இரண்டிலும் கடைசிக்கு முந்தின இடம்.) தவறு என் கையில் இல்லை, ஈயக் குண்டில்தான் என்று முடிவுகட்டி, எந்தக் குண்டு எவ்வளவு ஆழம் பாய்கிறது, எப்படி நசுங்குகிறது என்று வீட்டிலேயே சோதிக்க ஆரம்பித்தேன்.

முதலில் துணி சோப்பைச் சுட்டேன். உள்ளே போன குண்டை எடுக்க மறந்ததில் அம்மாவின் சேலை கிழிந்தது. அடுத்தது வாழைத்தண்டு. கூட்டுக்கு நறுக்கும்போதே அம்மா குண்டைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவதாக, ஊறவைத்த செய்தித்தாள். பழைய பேப்பர் கிடக்கும் அறையில் சணல் கட்டிய இரண்டு கட்டுகளைத் தூக்கி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். மாலையில் வந்து பின்சுவரில் சாய்த்து, ஐந்து குண்டுகள் சுட்டேன்.

குண்டைத் தேடிப் பிரித்தபோதுதான் தெரிந்தது. செய்தித்தாள் மேலே சுற்றியது மட்டும்தான். உள்ளே, காலையில் சிவகாசி அச்சகத்திலிருந்து வந்திருந்த, அக்காவின் கல்யாணப் பத்திரிகைகள். நான்கு குண்டுகள் சுவரில் பட்டிருக்க, மேலே இருந்ததில் ஒரே துளை, மாப்பிள்ளையின் பெயருக்கு நடுவே.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அபசகுனம், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, துப்பாக்கி இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் நனைந்த பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு போனார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அக்கா துளை விழுந்த அந்தப் பத்திரிகையை என் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "இதை மறைச்சுட்டுப் போயி அவிய வீட்டுல நான் எப்படிம்மா நிம்மதியா இருக்க? இவளே போயிச் சொல்லட்டும்."

மறுநாள் அப்பாவோடு வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும், பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டிவிட்டு அழுதேன். மிச்சத்தை அப்பா சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறியது. மாப்பிள்ளை மட்டும் துளையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"எம்புட்டு தூரத்துல இருந்து சுட்டீங்க?"

"பத்து மீட்டர்."

"எம் பேரைப் பாத்தா சுட்டீங்க?"

"இல்ல. சும்மா நடுவுல."

"குறி பாக்காமலே இப்படி விழுதுன்னா, நீங்க பொறவு குறியே பாக்க வேண்டாம்," என்றார். அவருடைய அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, அடுத்த போட்டி எப்போது என்று கேட்டார். அதில் முப்பது பேரில் நான் எட்டாவதாக வந்தேன். குண்டு அதே பழைய குண்டுதான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அத்தான் வீட்டில் அதன்பிறகு எந்த விசேஷத்துக்கும் பத்திரிகை அடிப்பதில்லை. காதுகுத்து, புதுவீடு, எல்லாவற்றுக்கும் நேரில் போய் வாய்வார்த்தையாகத்தான் அழைக்கிறார்கள். ஏன் என்று யாராவது கேட்டால், அத்தான் பந்தியில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கையைக் காட்டுவார்.