கோட்டுக்குக் கீழே சித்தப்பா கடை முண்டு

எதைப் பார்த்தாலும் வாய் பிளப்பது என் பிறவிக்குணம். தானாகத் திறக்கும் கதவைப் பார்த்துக்கூட நின்று வியந்திருக்கிறேன். அந்தக் குணம்தான் முதல் இன்டர்வியூவில் என்னைக் கவிழ்த்தது.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. வேலை கிடைக்காவிட்டால் சாலைக் கடைத்தெருவில் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ("ஜோலி கிட்டலேன்னா நம்ம கடையிலே வந்து இரி பிள்ளே, ஃபேன் உண்டு" என்றார் சித்தப்பா. ஃபேனைத் தவிர வேறு சலுகை எதையும் அவர் சொல்லவில்லை.) எனவே உடை விஷயத்தில் நான் உயிரைக் கொடுத்தேன். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. ஒரு வாரம் ஒத்திகை வேறு.

அன்று காலை அம்மா, "பெருமாளைத் தொழுதுட்டுப் போ மக்கா, சமயம் உண்டு கேட்டியா" என்றாள். பத்மநாபசாமி கோயிலுக்குள் பெண்கள் பேன்ட்டோடு போகக் கூடாது. அதன் மேல் வேட்டி மாதிரி ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். சித்தப்பா கடைப் புது முண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். பள்ளிகொண்ட பெருமாளை ஒரே பார்வையில் பார்த்துவிட முடியாது. ஒரு வாசலில் திருமுகம், அடுத்ததில் நாபி, மூன்றாவதில் திருவடி. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நின்றவள், உலகத்தையே மறந்து வெளியே வந்து பஸ் ஏறினேன். மறந்த உலகத்தில் இடுப்பு முண்டும் அடக்கம்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டை மாட்டினேன். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். (எல்லாம் கோட்டின் மகிமை!) உள்ளே கைகழுவும் இடத்தில் நெற்றிச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அது இடுப்போடு முடிந்தது. அதுவரை நான் பிரமாதமாகத்தான் இருந்தேன். பெருமாளை முழுசாகப் பார்க்கவே மூன்று வாசல் வேண்டியிருக்கிறது. நான் அரைக் கண்ணாடியை நம்பிவிட்டேன்.

அறையில் மூன்று பேர். நடுவில் தலை நரைத்த ஒரு மேடம்.

"அம்பலத்துக்குப் போயிட்டு வர்றதா?"

எனக்குப் புல்லரித்தது. சந்தனத்தைக்கூடத் துடைத்துவிட்டேனே! "கோயிலுக்குப் போனது எப்படி மேடம் தெரிஞ்சது?"

அவர் சாலைக் கடைத்தெருவில் உள்ள அந்த ஜவுளிக்கடையின் பெயரைச் சொல்லி, "உங்க ஆளுங்க கடையோ?" என்றார்.

"சித்தப்பா கடை மேடம்" என்றேன். கூப்பிடுவதற்கு முன் குலம் கோத்திரம் வரை விசாரித்து வைத்திருக்கிறார்களே! உழைத்தால் இப்படி ஒரு கம்பெனியில் உழைக்க வேண்டும். அந்தப் பரவசத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் வெளுத்து வாங்கினேன்.

விடைபெற்றுத் திரும்பினால் எதிரே ஆளுயரக் கண்ணாடிக் கதவு. மேலே கோட்டு. கீழே முண்டு. முழங்கால் பக்கம் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கர்.

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேர் என் ஒற்றைப் பக்க பயோடேட்டாவை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மட்டும் நிமிர்ந்து, "சாரமில்லை மோளே, பரவாயில்லை, நல்லாத்தான் பதில் சொன்னே" என்றார். கதவு மூடிய பிறகுதான் உள்ளே சிரிப்பு வெடித்தது. அரை மணி நேரம் அதை எப்படி அடக்கி வைத்திருந்தார்கள்? இன்று நானும் அதே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறேன். எனக்கு இரண்டு நிமிடம்கூடச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. அந்த மேடத்தை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆம், வேலை கிடைத்தது. "உன் படிப்பொண்ணும் இல்ல, நம்ம முண்டாக்கும் ஜோலி வாங்கித் தந்தது" என்று சித்தப்பா இன்றும் கல்லாவில் இருந்தபடி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வீட்டில் யாருக்கு இன்டர்வியூ வந்தாலும் கடையிலிருந்து ஒரு புது முண்டு வந்துவிடும். ஸ்டிக்கரை மட்டும் கிழிக்கக் கூடாது.