அஸ்ஃபியா கணினியை எழுப்பிய படலம்

வாழி அஸ்ஃபியா! தருமபுரத்துச் சந்தின் கடைசி வீட்டுக் கோமகளே, கப்பலேறிய பாட்டன்மாரும் குவைத்துக்குப் பறந்த தகப்பனும் கையெழுத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்ட குடியில் பிறந்து பட்டதாரி என்னும் மணிமுடியை முதன்முதலாகச் சூடியவளே, முன்கோபத்தில் முதலிடம் எவருக்கும் விட்டுக்கொடாதவளே, திருப்புளி ஏந்திய செங்கையாளே, வாழி! கரண்டே, நீயும் வாழி! இன்று மாலை ஆறு மணி வரை எங்கும் போய்விடாதே. அதற்கப்புறம் உன் இஷ்டம்.

அவ்வீராங்கனையின் போர்யானை ஒரு கறுத்த பெட்டி. டியூஷன் எடுத்த காசில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஏழு நிறத்தில் விசிறி மினுக்குவது. மேசைமேல் ஏற்றினால் மேசையே கொஞ்சம் பணிந்து போவது. தொழிற்சாலை அதற்கு வகுத்த வேகம் மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ். வகுத்ததை வகுத்தபடி ஏற்பது அஸ்ஃபியாவின் வழக்கமன்று. ஓவர்கிளாக் என்று உலகோர் உரைக்கும் அருங்கலையை இணையக் குருமாரிடம் கசடறக் கற்று, மூன்று புள்ளி ஆறை அடித்து உசுப்பி நாலு புள்ளி ஏழாக்கினாள். ஆக்கியதை ஊரறியச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், பெட்டியைத் திறக்காதேம்மா, படிச்ச புள்ள படிச்ச வேலையைப் பாரு என்று உபதேசித்த கணினிக்கடை நூருல் அமீன் நானாவை நோக்கி, நாலு வாடிக்கையாளர் சாட்சியாக, "இனிமே ஒங்க கடை வாசலை மிதிச்சா எம்பேரு அஸ்ஃபியா இல்ல" என்று வஞ்சினமும் உரைத்து வந்தாள்.

அந்த வஞ்சினத்தின் தலைக்கு நேரே, அந்த வியாழக்கிழமை காலையில் வாள் தொங்கியது. கோயம்புத்தூரில் வீட்டு வரைபடங்களை அசையும் காட்சிகளாக்கும் நிறுவனம் ஒன்று அவளுக்குச் சோதனை வேலை தந்திருந்தது: காகிதத்தில் கிடக்கும் ஒரு வீட்டை வாசல் முதல் மொட்டைமாடி வரை நடந்து பார்ப்பதுபோல் ஒரு நிமிட வீடியோவாக்கி, மாலை ஆறுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வீட்டிலிருந்தபடியே வேலை. தவறினால் வேலையுமில்லை, வீராப்புமில்லை. ஒரு வாரம் இரவுபகலாக வீட்டைக் கட்டி முடித்துவிட்டாள். எஞ்சியது, கணினி அதை வீடியோவாகச் சமைத்துத் தருவது ஒன்றே. மூன்று புள்ளி ஆறில் மூன்று மணி நேரம். நாலு புள்ளி ஏழில் இரண்டே கால். அந்த முக்கால் மணி நேர லாபத்துக்காகவே மூண்டது இப்பெரும்போர் என்பதைப் புலவர்கள் குறித்துக்கொள்க.

காலை ஒன்பதுக்கு முரசு கொட்டிற்று. ஒன்பதே முக்காலுக்கு, புயலுக்கு முந்தைய காரைக்கால் கடல்போல் விசிறிகள் ஓவென்று இரைந்து, திரை முழுதும் நீலம் பாய்ந்து, அதன் நடுவே ஒரு சோகமுகம் தோன்றி, பெட்டி சாய்ந்தது. எழுப்பினாள். மறுபடி சாய்ந்தது. போதவில்லை போலும் இதற்குத் தீனி என்று, மதம்பிடித்த யானைக்கு மேலும் கள் வார்க்கும் பாகனைப்போல் மின்னழுத்தத்தைக் கூட்டினாள்; அவ்வளவுதான், அதற்குப்பின் அது எழவேயில்லை. விளக்கெரிந்தது, விசிறி சுழன்றது, திரை மட்டும் அமாவாசை. உள்ளிருந்து பீப் பீப் பீப் என மும்முறை ஓலம்.

ஓலம் கேட்டு அடுப்படியிலிருந்து எழுந்தருளினாள் உம்மா நபீசா, தணல் நிறைந்த சாம்பிராணிச் சட்டியுடன். இதற்கோர் முன்கதை உண்டு. மூன்று மாதத்துக்கு முன் எதிர்வீட்டு ஜஸீலா மாமி வந்து, "அடியாத்தி, கலியாண வூடு மாதிரியில்ல மின்னுது" என்று வாய்பிளந்து பார்த்தவள், மாஷா அல்லாஹ் என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் படியிறங்கிவிட்டாள். கண்ணேறு விழுந்ததென்று அன்றே தீர்ப்பெழுதிய உம்மா, வியாழன்தோறும் அந்தியில் வீடு முழுக்கக் காட்டும் சாம்பிராணியில் பெட்டிக்கெனத் தனிப்பங்கு ஒதுக்கினாள். விசிறி காற்றை உள்ளே இழுக்கும் ஓட்டையருகே சட்டியைப் பிடித்து, அது புகையை ஆவலோடு குடிப்பதைக் கண்டு மகிழ்ந்தாள். இப்போதோ, சாயும்போதெல்லாம் ஒரு சட்டி. முன்பக்கம் மகள் திருப்புளியோடு, பின்பக்கம் தாய் தணலோடு. இருதலைப் போரில் அந்த ஏழைப்பெட்டி என் செய்யும்!

அஸ்ஃபியா தளர்ந்தாளில்லை. பக்கப் பலகையைக் கழற்றினாள். ரேம் பலகைகள் இரண்டையும் உறையிலிருந்து வாளுருவுவதுபோல் உருவி, பள்ளிக்கூட ரப்பரால் அவற்றின் பொன்முனை தேய்த்து, வலத்தை இடத்திலும் இடத்தை வலத்திலும் செருகினாள். பயனில்லை. சட்டைப் பொத்தானளவு பேட்டரியை நெம்பி எடுத்து ஐந்து நிமிடம் காத்து மீண்டும் பொருத்தினாள். அதிசயம்! கூட்டி வைத்த வேகமெல்லாம் மறந்து, பிறந்த குழந்தைபோல் மூன்று புள்ளி ஆறில் கண்விழித்தது கணினி. அப்படியே விட்டிருந்தால் இக்காவியம் இங்கேயே முடிந்து, உண்ட களைப்பில் அவள் ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம். ஆனால் வீரர்க்கு வீட்டுத்தூக்கம் விதிக்கப்படவில்லை. "இன்று நாலு புள்ளி ஏழு, அன்றேல் இருள்!" என முழங்கி மீண்டும் வேகத்தை ஏற்றினாள். இருளே வந்தது. பேட்டரியைப் பிடுங்குவதும், எழுவதும், ஏற்றுவதும், சாய்வதுமாக நண்பகல் கழிந்தது, சோறு ஆறியது, மணி இரண்டைத் தாண்டியது.

அப்போது உம்மா, கையில் போனுடன், மெல்லிய குரலில் பிரம்மாஸ்திரத்தைத் தொடுத்தாள்: "நூருல் அமீனுக்கு ஒரு போனைப் போட்டா வந்து பாத்துட்டுப் போவாரு. ஒனக்கு என்ன கொறஞ்சா போயிடும்?"

"போட்டீங்கன்னா பொட்டியத் தூக்கி அரசலாத்துல போட்டுருவேன் உம்மா."

சொல்லிவிட்டாளே தவிர, சொன்ன குரலில் ஈரமிருந்தது. அந்த ஈரத்தை மறைக்கவே பெட்டிக்குள் தலையை நுழைத்தாள். நுழைத்தவள் அடுக்கடுக்காய்த் தும்மினாள். தும்மலின் ஊடே ஒரு வாசம். வியாழன் அந்தியில் பிறக்கும் வெள்ளிராவின் சாம்பிராணி வாசம். பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் தகடுகளின் இடுக்கில் விரலை விட்டாள். விரலோடு வந்தது கறுத்துப் பிசுபிசுத்த கம்பளி: பன்னிரண்டு வியாழன்களின் புகை, பிசினாய்ப் படிந்து, தெருப்புழுதியைச் சேர்த்தணைத்துக்கொண்டு, காற்றுப் புகும் வாயிலையெல்லாம் அடைத்து நின்றது. போர்வை போர்த்திய யானையை வெயிலில் ஓட விட்டிருக்கிறாள் மூன்று மாதமாய்!

உடைவாள் தேடினாள். கிடைத்தது, குளியலறை மாடத்தில் அவளுடைய பல் பிரஷ். அதைக் கொண்டு அவள் ஆடிய சமரை ஆயிரம் நாவுடையோனும் பாட வல்லனோ! தகடு தகடாகக் குத்தினாள், இடுக்கு இடுக்காகக் கிழித்தாள், விசிறியின் இதழ்களைப் புரட்டிப் புரட்டித் துடைத்தாள். மேசையடியில் கரும்பிசிர் பிணக்குவியலாய்க் குவிந்தது. பேட்டரியைக் கடைசியாக ஒருமுறை பிடுங்கிப் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். எழுந்தது. சத்தமில்லாமல் எழுந்தது.

மணி இரண்டு முப்பத்தெட்டு. கண்முன்னே வேகம் குறிக்கும் கட்டம். இப்போது உள்ளே சுத்தம். நாலு புள்ளி ஏழு தாங்கினாலும் தாங்கும். ஆனால் இன்னொருமுறை சாய்ந்தால் மீள நேரமில்லை. விரல் நாலின்மேல் நின்றது. பிறகு, தன் கோட்டைக் கொடியைத் தன் கையாலேயே இறக்கும் அரசிபோல், உதட்டைக் கடித்துக்கொண்டு, எவரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து, மூன்று புள்ளி ஆறிலேயே விட்டாள்.

கணினி சமைக்கத் தொடங்கிற்று. நாலரை. ஐந்து. ஐந்து இருபது. அன்றோ வியாழன்! கூடத்திலிருந்து தணலின் செம்முகமும் அதன் பின்னே உம்மாவின் திருமுகமும் புகைமேகம் சூழப் படையெடுத்து வந்தன. அறைவாசலில் இரு கை விரித்து மறித்தாள் அஸ்ஃபியா. கண்ணு பட்டது போவணுமா வேணாமா என்று உம்மா கேட்டது நியாயமே. புகை கதவுக்கு வெளியே நிற்கலாம், உள்ளே வரலாகாது என்று உடன்படிக்கை ஆயிற்று. ஆயினும் புகை உடன்படிக்கை அறியுமோ! ஊர்ந்து வந்தது. அவள் அங்குமிங்கும் பார்த்து, அலமாரியிலிருந்து உறையிட்ட பட்டச் சான்றிதழை உருவி, குடிக்கெல்லாம் முதலான அந்தச் சான்றிதழால் இருபது நிமிடம் நின்று விசிறிப் புகையைப் புறமுதுகிடச் செய்தாள். ஐந்து நாற்பதுக்கு வீடியோ முடிந்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கோயம்புத்தூர் சென்று சேர்ந்தது. நூருல் அமீன் நானாவின் கடைவாசல் மிதிபடாமலே இருந்தது.

கூடத்தில் உம்மா குவைத்துக்குப் போனில் வெற்றிச்செய்தி ஓதிக்கொண்டிருந்தாள்: "நான் சாம்பிராணி காட்டுனேன்ங்க, கண்ணேறு போயி பொட்டி எந்திரிச்சிடுச்சு." மறுத்துரைக்கப் புயலெனக் கிளம்பினாள் அஸ்ஃபியா. ஆனால் புகையின் குற்றத்தைச் சொன்னால் மூன்று புள்ளி ஆறின் கதையையும் சொல்லியாக வேண்டும். உலகனைத்தையும் எதிர்த்துப் பேசிய வீராங்கனை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிறங்கினாள்.

பிறகு அவள் முக்குக் கடைக்குப் போய் ஒரு புது பல் பிரஷ் வாங்கி வந்தாள்.