கைப்பிடியை விடாத லீவர்

வாழி, உருள்வன எல்லாம்! வாழி, உருள்வனவற்றை உரிய இடத்தில் நிறுத்துவன எல்லாம்! பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவருக்கும் ஒரு புட்டியும் மாற்றிக் கொடுத்தறியாத கரத்தினளும், மருத்துவர்களின் கிறுக்கெழுத்தை ஒற்றைப் பார்வையில் வாசித்துவிடும் கண்ணினளும், தடித்த சக்கரங்கள் பூண்ட மலைச்சைக்கிள் என்னும் இரும்புப் புரவியை நடத்துவதில் இணையற்றவளுமான மருந்துக்கடைக்காரி வாழி! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி தொடங்கி ஒன்பது மணி தாண்டும்வரை, தன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், ஒரு விரல் நீளமே உடைய பகைவனோடு அவள் பொருத பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம். கறைபடிந்த துடைதுணியே, நீ எமக்குத் துணை நில்!

போருக்குக் காரணம் ஒரு மணி. எலுமிச்சம்பழ அளவே உள்ள பித்தளைச் சைக்கிள் மணி. மருந்துக்கடைக்காரியும் அவள் தம்பியும் முட்டி பெயர ஓட்டிப் பழகிய முதல் சைக்கிளில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஆண்டுக்கொரு முறை இருவரும் ஊர்க்கோடிக் குன்றின் உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து பன்னிரண்டு வளைவுகள் கொண்ட மண்பாதையில் கீழே பாய்வார்கள். முந்தியவர் கைப்பிடியில் மணி ஓராண்டு வீற்றிருக்கும். ஒன்பதரைக்குத் தொட்டியடியில் சொந்தச் சைக்கிளோடு நிற்காதவர் தோற்றவர். விதிகள் அவ்வளவே. இரண்டு ஆண்டுகளாக மணி தம்பியிடம் இருந்தது. இருந்தால் தொலைகிறது என்று விடலாம். அவனோ அக்காளுக்குத் தொலைபேசும்போதெல்லாம் 'ஹலோ' சொல்வதற்கு முன் அதை இருமுறை அடித்தான். எழுநூற்று முப்பது நாட்கள் அந்த ஒலியைக் கேட்டுப் பல்லைக் கடித்தவளின் பொறுமை எத்தகையது என்று அளக்க எம்மிடம் படி இல்லை.

ஆகவே சனிக்கிழமை மாலையே அவள் புரவியைப் போருக்கு அணிசெய்தாள். சங்கிலியைத் துடைத்தாள். பின்பிரேக்கின் கட்டைகளைப் புதிதாக்கினாள். லீவர் அசையும் மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். அந்த எண்ணெயை அவள் கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டியில், தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். தகர டப்பாக்களின் மீது அவளுக்கு நம்பிக்கை கிடையாது. பின்னர், அறிந்தோர் மட்டுமே செய்யும் நுட்பம் ஒன்றைச் செய்தாள். பின்பிரேக் லீவரைக் கைப்பிடியோடு ஒட்ட இழுத்து, மருந்துப் பெட்டிகளைக் கட்டும் ரப்பர் வளையம் ஒன்றால் இறுகப் பிணைத்து, இரவு முழுதும் அப்படியே விட்டாள்.

ஏன் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். இவ்வகைப் பிரேக்கில் கம்பி இல்லை, எண்ணெய்தான் தூதுவன். விரல் லீவரை இழுக்கிறது. லீவர் தன் வீட்டுக்குள் இருக்கும் பென்சில் தடிமனான உலக்கையொன்றைத் தள்ளுகிறது. உலக்கை எண்ணெயைத் தள்ளுகிறது. நசுக்கினாலும் குறுகாத எண்ணெய், மெல்லிய குழாய் வழியே பின்சக்கரம்வரை அந்தத் தள்ளலைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே இரு கட்டைகள் சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் கவ்வுகின்றன. விரலை எடுத்தால், உலக்கையின் பின்னிருக்கும் சிறு சுருள்வில் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் எண்ணெய்க்குள் காற்றுக்குமிழி புகுந்தால் போயிற்று. காற்று நசுங்கும்; பிரேக் சோம்பும். இரவெல்லாம் இழுத்துக் கட்டினால் ஒளிந்திருக்கும் குமிழிகள் மெல்ல மேலேறி லீவரடியிலுள்ள சிறு எண்ணெய்த் தொட்டிக்கு வந்துவிடும் என்பது சைக்கிள்காரர்களின் நம்பிக்கை. பெரும்பாலும் பலிக்கும்.

காலை எட்டு மணி. வீராங்கனை கத்தரிக்கோலை உயர்த்தினாள். ரப்பர் வளையம் அறுந்து தெறித்துச் சுவரில் பட்டு வீழ்ந்தது.

லீவர் அசையவில்லை.

கைப்பிடியைத் தழுவியபடி, பிரிய மனமின்றி, கல்லாய்க் கிடந்தது. அவள் பின்சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள். கட்டைகள் தகட்டைக் கவ்வியிருந்தன. சக்கரம் ஒரு விரற்கடையும் நகரவில்லை. அக்கணத்தில் தீய நிமித்தம் ஒன்றும் தோன்றிற்று: கொட்டகைக் கதவிடுக்கிலிருந்து கரிய எறும்புச் சேனை ஒன்று அணிவகுத்துப் புறப்பட்டு, முன்சக்கரத்தின்மேல் ஏறி, வெற்றி உலாப் போவதுபோல் கைப்பிடியை நோக்கி நடந்தது. மருந்துக்கடைக்காரி அதைக் கண்டாள். கணவர் சிந்திய பிஸ்கட் தூளுக்கு வந்திருக்கும் என்று எண்ணி மறந்தாள். அந்தோ!

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் நிலைகுலையாத அவரை மூன்று நாட்களாக ஓர் இருமல் உலுக்கிக்கொண்டிருந்தது. சட்டி உருண்டாற்போல் இருமியபடி அவர் கொட்டகை வாசலில் தோன்றினார்.

"என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"லீவர் திரும்பி வரமாட்டேங்குதுங்க."

"எங்க பஸ்ல இந்த எண்ணெய் தொல்லையே இல்ல. எல்லாம் காத்து. புஸ்ஸுனு ஒரு சத்தம், நின்னுடும்."

"காத்துதாங்க இங்க எதிரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

"சரி சரி. அந்த இருமல் மருந்து சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி! எத்தன தடவ சொல்றது?"

அவர் அடங்கிய குரலில் இருமிக்கொண்டே சமையலறைக்குத் திரும்பினார். பசித்திருந்தார்; தட்டு நிறைய வைத்துக்கொண்டு நிதானமாக உண்ண அமர்ந்தார். இதை நினைவில் வையுங்கள்.

இனி முதல் நாட்போர். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாகிய இரட்டை யானைகளை ஏவி, லீவரைக் கைப்பிடியிலிருந்து பிரித்துத் தள்ளினாள். ஒரு நெல் அளவு நகர்ந்தது. விட்டதும் நின்ற இடத்திலேயே நின்றது. மேலும் தள்ளினால் வளையும், வளைந்தால் ஒடியும். வலிமை கண்டு அஞ்சாதவள் அவ்விடத்தில் அறிவு கண்டு அடங்கினாள்.

இரண்டாம் நாட்போர் (உண்மையில் அது எட்டு மணி இருபது). புதுக் கட்டைகள் கோணலாக அமர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. கைவிளக்கைப் பல்லிடுக்கில் கவ்வி, சக்கரத்தருகே தரையில் படுத்து, கட்டைகளைத் தாங்கும் கவ்வியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். இருபுறமும் கட்டைகள் பள்ளிக்கூடத்து நல்ல பிள்ளைகள்போல் நேராக நின்றன. குற்றம் அவற்றின்மேல் இல்லை.

அப்போது தொலைபேசி முழங்கிற்று. எடுத்தாள்.

டிரிங். டிரிங்.

"அக்கா! மணி பளபளன்னு இருக்கு. நேத்துதான் புளி போட்டு தேச்சேன். உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்? வீட்லயே இருந்து ரெஸ்ட் எடு."

"டேய், ஒன்பதரைக்கு அங்க இருப்பேன். மணிய கழட்டி கையில வெச்சுட்டு நில்லு!"

இவ்வாறு வஞ்சினம் கூறி வைத்தாள். வைத்த பின் பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

மூன்றாம் நாட்போர், எட்டே முக்கால். பகைவன் எண்ணெய்க்குள் ஒளிந்திருந்தால் எண்ணெயையே வெளியேற்றிக் கேட்டுவிடுவது என்று துணிந்தாள். ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சு ஒன்றில் ஒளியூடுருவும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் பின்கவ்வியில் எண்ணெய் வடிப்பதற்கென்றே உள்ள வடிதிருகில் மாட்டி, திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினாள். அழுத்தத்தில் அடைபட்டிருந்த எண்ணெய், சிறைக்கதவு திறந்த சேனைபோல் சிரிஞ்சுக்குள் பாய்ந்தது. கட்டைகள் பிடி தளர்ந்தன. சக்கரத்தைத் தட்டினாள், சுழன்றது! ஆகா, சுழன்றது! வெற்றி என்று கைப்பிடியை நோக்கினாள்.

லீவர் அப்படியே கிடந்தது.

மற்றவர் இங்கே சினந்து சாவியை வீசியிருப்பர். மருந்துக்கடைக்காரியோ முகம் மலர்ந்தாள். ஏனெனில் இந்தத் தோல்வி ஒரு செய்தியைக் கொண்டுவந்திருந்தது. எண்ணெயின் அழுத்தம் இப்போது இல்லை. கட்டைகளின் பிடி இல்லை. தள்ளுவாரும் இல்லை, இழுப்பாரும் இல்லை. அப்படியும் லீவர் வீடு திரும்பவில்லை என்றால், அதைப் பிடித்திருப்பது கீழே எங்கும் இல்லை, குழாயில் இல்லை, கவ்வியில் இல்லை. அங்கேயே, மேலேயே, அதன் மூட்டிலேயே இருக்கிறது! காய்ச்சலுக்கு உடம்பெல்லாம் தேடிவிட்டுத் தொண்டையைத் திறந்து பார்க்கும் மருத்துவர்போல், அவள் விளக்கை மூட்டுக்கு நேரே பிடித்தாள்.

எறும்புகள்.

கதவிடுக்கிலிருந்து புறப்பட்ட கருஞ்சேனை அங்கேதான் பாசறை அமைத்திருந்தது. மூட்டின் இடுக்கில் பாதி உடல் நுழைத்து, பின்னங்கால்களை உதைத்து, பேருவகையோடு எதையோ நக்கிக்கொண்டிருந்தது. எறும்பு எண்ணெயை நக்குமோ? நக்காது. பின் எதை நக்கும்? அவள் விரல் நுனியால் அந்த இடுக்கைத் தொட்டாள். பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்தாள். துளசியும் இஞ்சியும் சர்க்கரைப் பாகும் மணத்தன.

பலகையில் இருந்த பழுப்புப் புட்டியைத் திருப்பினாள். சீட்டு சுவரைப் பார்த்தபடி இருந்தது. அவளுடைய அழகிய கையெழுத்தில், 'இருமல் மருந்து. காலை, மாலை ஒரு கரண்டி' என்றிருந்தது.

சனிக்கிழமை மாலை அவள் கண்முன் விரிந்தது. கணவர் இருமிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். எண்ணெய் படாத ஒரு கையால் அவருக்கு ஒரு கரண்டி மருந்து ஊற்றிக் கொடுத்தாள். புட்டியைப் பலகையில் வைத்தாள், அதன் உடன்பிறந்தாள்போல் நின்ற மற்றொரு புட்டிக்குப் பக்கத்தில். பின்பு மூட்டில் இரண்டு சொட்டு விட்டாள். பின்பு, ஒரு புட்டியை உள்ளே கொண்டுபோய் மருந்தலமாரியில் வைத்தாள். லீவரை இழுத்துக் கட்டிய நிலையிலேயே பாகு இரவெல்லாம் காய்ந்து இறுகியது. அந்தச் சின்னஞ்சிறு சுருள்வில் அதனோடு என்ன செய்யும்? எல்லாம் விளங்கிற்று. பத்தொன்பது ஆண்டுக் கரம் முதன்முறையாகப் புட்டி மாற்றியிருந்தது. மாற்றியது சைக்கிளுக்கு.

சைக்கிளுக்கு மட்டுமா?

சமையலறையில் தட்டு கழுவும் ஓசை நின்றது. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. கரண்டி ஒன்று கண்ணாடியில் பட்டுச் சிணுங்கிற்று.

அந்த ஓட்டத்தைப் பாட எமக்கு நா போதாது! சிரிஞ்சைத் தாண்டி, சாவிகளைத் தாண்டி, எறும்புச் சேனையின் பின்னணிப் படையையும் தாண்டி, மூன்று படிகளை ஒரே எட்டில் விழுங்கி, சமையலறை வாயிலில் இரு கைகளையும் விரித்து நின்று, தெருமுனைவரை கேட்கும் குரலில் அவள் முழங்கினாள்:

"நிறுத்துங்க! வாயில வைக்காதீங்க!"

கணவர் நிறைந்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

"நானும் பாத்துட்டுதான் நிக்கிறேன். என்னடா இது, வாசமே இல்லியேன்னு. கம்பெனி மாத்திட்டியா?"

"அது சங்கிலிக்குப் போடுற எண்ணெய்ங்க!"

அவர் கரண்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மெல்லக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். புட்டியைத் திருப்பிச் சீட்டை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்ப என் மருந்து?"

"அத பிரேக் குடிச்சிடுச்சு."

"அதுக்கு இருமல் நின்னுச்சா?"

"எல்லாமே நின்னுச்சு." அவள் கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "தப்பு என்னோடதுதாங்க. வெளில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கடைக்கு ஒரு பய வரமாட்டான்."

"ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லிக்கிறேனே? மச்சான்கிட்ட?"

"அவன்கிட்ட சொன்னா நாளைலேருந்து சோறு நீங்களே பொங்கிக்குங்க."

அவர் உடனே வாய்மேல் விரல் வைத்தார். அடுப்பில் அவர் தொண்டைக்கென்று காய்ச்சிய வெந்நீர் ஆவி பறக்க இருந்தது. பாகைக் கரைக்க அதைவிடச் சிறந்த படைக்கலம் உலகில் இல்லை என்பதை மருந்துக்கடைக்காரி அறிவாள். சர்க்கரை எண்ணெய்க்கு அசையாது, வெந்நீருக்கு உருகிவிடும். அவள் அந்தப் பாத்திரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்தார். இருமினார். பின்பு, தன் தொண்டையின் துயரைப் பொருட்படுத்தாது, பாத்திரத்தை இரு கைகளால் எடுத்து நீட்டினார். வள்ளல் என்று சொல்லத் தக்கவர் இவரல்லவோ!

"எடுத்துட்டுப் போ. மணியோட வா."

ஒன்பது மணி ஐந்து நிமிடம். வெந்நீர் சொட்டுச் சொட்டாக மூட்டின்மேல் விழுந்தது. எறும்புச் சேனை புறமுதுகிட்டது. ஒரு சொட்டு, இரண்டு, பத்து, இருபது. லீவர் முனகிற்று. அவள் மெல்லத் தள்ளினாள், விட்டாள், இன்னும் சொட்டினாள். அப்போது, உள்ளே ஓர் இரவு முழுதும் தன்னந்தனியே முட்டிக்கொண்டிருந்த அந்தச் சிறு சுருள்வில், தடை நீங்கிய கணத்தில், டக் என்று லீவரை வீட்டுக்கு அனுப்பிற்று! அவள் சிரிஞ்சை அழுத்தி எண்ணெயைக் கவ்விக்குள் திருப்பி ஏற்றி, வடிதிருகை இறுக்கினாள், ஈரத்தைத் துடைத்தாள், சீட்டை மும்முறை படித்தபின் மூட்டில் மெய்யான எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள், லீவரை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். உறுதியாகப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

ஒன்பது இருபத்தொன்பதுக்கு, வியர்வையே கவசமாக, அவள் தண்ணீர்த் தொட்டியடியில் போய் நின்றபோது, தம்பியின் முகத்தில் பித்தளையின் பளபளப்பு சற்றே குறைந்தது. இருவரும் பாய்ந்தனர்! புழுதி எழுந்து பகலவனை மறைக்க, கூழாங்கற்கள் கணைகளாய்த் தெறிக்க, ஆறு வளைவுகள்வரை ஒருவர் நிழலை ஒருவர் மிதித்துச் சென்றனர். ஏழாம் வளைவில், பயந்த தம்பி பத்து முழத்துக்கு முன்பே பிரேக்கைப் பிடிக்க, நம்பிக்கையுள்ள தமக்கை கடைசிக் கணத்தில் ஒரே விரலால் லீவரைத் தொட்டு, அளந்து ஊற்றிய மருந்துபோல் வேகத்தைக் குறைத்து, உட்புறமாக நுழைந்து முந்தினாள். அடிவாரத்துப் பாலத்தில் நின்றிருந்த பேருந்து ஓட்டுநர் கைக்குட்டையை வீசிச் சாட்சியானார்.

தம்பி இளைத்தபடி வந்து இறங்கினான்.

"அக்கா, அந்த வளைவுல எப்படி அவ்ளோ லேட்டா புடிச்ச? பிரேக்குக்கு அப்படி என்னதான் போட்ட?"

பேருந்து ஓட்டுநர் வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் இருமினார்.

"சும்மா துடைச்சேன்டா," என்றாள் அவள், கையை நீட்டி. "மணிய கழட்டு."

இரண்டு ஆண்டுச் சிறை நீங்கிய பித்தளை மணி, அவள் கைப்பிடியில், லீவருக்குப் பக்கத்திலேயே, சூரியனை எதிர்த்து ஒளிவிட்டு அமர்ந்து, அவள் கட்டைவிரல் தீண்டியதும் திசை எட்டும் அதிர ஒலித்தது, மீண்டும் ஒலித்தது, வீடு சேரும்வரை வழியெல்லாம் ஒலித்தது.

சாயங்காலம் அவள் எண்ணெயை ஒரு தகர டப்பாவுக்கு மாற்றினாள்.