டயப்பர் ஒழிப்புச் சபதம்

"மூணே வாரம். இந்த வீட்டுல டயப்பர்ங்கிற பேச்சே இருக்காது!"

சாப்பாட்டு மேஜையைத் தட்டிச் சொன்னவன் நான்தான். தட்டிய தட்டில் மகனின் தட்டு ஒரு துள்ளு துள்ளியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதானே தட்டினேன்?

விஷயம் இதுதான். பேத்திக்கு ஒன்றரை வயது. மருமகளின் விடுப்பு மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த தெருவில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில், டயப்பர் கட்டிய பிள்ளையை உள்ளே விடமாட்டார்களாம். பேத்தி பழகாவிட்டால் மருமகள் வேலையை விட வேண்டும். இல்லாவிட்டால் என் மனைவி பகல் முழுக்கப் பேத்தியோடு உட்கார வேண்டும்.

"அவசரப்படுத்தக் கூடாதுப்பா. குழந்தை தானா தயாராகணும்னு புத்தகத்துல போட்டிருக்கு" என்றான் மகன்.

"நீ எந்தப் புத்தகம் படிச்சுட்டுடா போனே? உன்னைப் பத்தாவது மாசமே பழக்கிட்டோம்!"

"பழக்கிட்டோம்னா? நீங்களுமா?"

"பின்னே?"

இந்த இடத்தில் என் மனைவி சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

"ஆமாடா, உங்கப்பாவுக்கு அதுல தனிக் கைராசி. அவரே பழக்கட்டும். நான் குறுக்கே வரமாட்டேன்."

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் வாயால் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. உச்சி குளிர்ந்து போய்விட்டேன். மடையன்.

மறுநாள் எட்டு மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"நீச்சல் கத்துக்க."

"இந்த வயசுலயா?"

"நீங்க இந்த வயசுல பிள்ளைக்கு மூச்சா போகக் கத்துக்குடுக்கலையா?"

போய்விட்டாள்.

மருமகள் வாங்கி வைத்திருந்த வாத்து உருவக் குழந்தைக் கழிப்பிருக்கை, உட்கார்ந்தால் பாட்டுப் பாடும். அதைப் பரண்மேல் போட்டேன். குளியலறையில் முக்காலி போட்டு, காலை நீட்டி, பாதத்தின் மேல் பேத்தியை உட்காரவைத்து, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றேன். அவள் என் வாயையே வேடிக்கை பார்த்தாள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிக் கூடத்துக்குப் போய், நான் இன்னும் படிக்காத செய்தித்தாள் மேல் வேலையை முடித்தாள்.

ஆலையில் முப்பது வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இருநூறு பேரை மணியடித்தால் உட்காரவும் எழவும் வைத்தவன். இந்த ஒருத்தி மசியவில்லை. அரைமணிக்கு ஒருதரம் "ஸ்ஸ்ஸ்" என்று ஊதி ஊதிக் கடைசியில் எனக்குத்தான் வர ஆரம்பித்தது. அவளை இறக்கிவிட்டுவிட்டு நான் அவசரமாக ஒதுங்குவேன். திரும்பி வருவதற்குள் கூடம் ஈரமாகியிருக்கும்.

பத்தாம் நாள் வெட்கத்தை விட்டு மனைவியிடம் கேட்டேன்.

"நம்ம பையனை எப்படித்தான் பழக்கினே? சொல்லித் தொலையேன்."

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நாமதானே பழக்கினோம்?"

"சரி, நீதான் பழக்கினே. போதுமா?"

"நானும் பழக்கல. பத்து மாசத்துல எந்தப் பிள்ளை பழகுது? நான்தான் பழகினேன். அவன் முகம் சிவந்தா ஒண்ணு, முதுகை நெளிச்சா இன்னொண்ணு. அந்த மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். தப்பினா துவைக்கணுமே? தினம் இருபது துணி, கையால. எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போ ரெண்டு நாள் போய் இருக்க முடியல. நீங்க ஷிப்ட் முடிஞ்சு வந்து, வீடு ஏன் நாறுதுன்னு கேப்பீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அப்படிக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தினமும் கேட்டேன்.

மறுநாளிலிருந்து பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். தொலைக்காட்சி இல்லை, செய்தித்தாள் இல்லை, நண்பர்கள் இல்லை. முகம்தான். பன்னிரண்டாம் நாள் அவள் இடது புருவம் மெல்ல ஏறியது. வாரிக்கொண்டு ஓடினேன். "ஸ்ஸ்ஸ்!" பலித்தது! தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன். மூன்றாம் வாரக் கடைசியில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, நீங்க இல்லேன்னா என் வேலையே போயிருக்கும்" என்றாள். மகன் கையைப் பிடித்துக் குலுக்கினான். பேத்தி காப்பகத்துக்குப் போனாள். நான் மூன்று வார அசதியோடு காலை நீட்டிப் படுத்தேன்.

பதினொரு மணிக்குப் போன். காப்பகத்து டீச்சர்.

"சார், பாப்பா உட்காரவே மாட்டேங்குது. தாத்தா, தாத்தாங்குது."

"ஸ்ஸ்ஸ்னு சொல்லிப் பாருங்கம்மா."

"சொல்லிப் பாத்துட்டோம் சார். எங்க சத்தம் பிடிக்கல. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன.

"ஆயிடுச்சு சார்! தினம் போன்ல சரிப்படாது. நாளைலேர்ந்து நேர்லயே வந்துடுங்க. அதான் பாட்டியம்மா சேர்க்கிறப்பவே எழுதிக் குடுத்திருக்காங்களே, தாத்தா பகல் பூரா கூட இருப்பார்னு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எழுதிக் குடுத்தியா?"

"ஆமா. இப்படி ஆகும்னு தெரியும். நம்ம பையனும் ரெண்டு வருஷம் என்னைத் தவிர யார்கிட்டயும் போகல."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"அப்போ என்னை யாரு கேட்டாங்க?"



மறுநாள் ஒன்பது மணிக்குக் காப்பகத்துக்குள் போன எங்கள் இரண்டு பேரில், பேத்தி அழவில்லை.