யோவ் பாய்

1933, ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை, மாலை நாலே முக்கால், விட்டு விட்டுத் தூறல். ஆம்பூர்க் கடைத்தெரு மொத்தத்தையும் ஒற்றை ஆளாகச் சண்டைக்கு இழுத்தவர் உலகத்தில் எங்கள் பாய் ஒருவர்தான். அதுவும் ஒரு விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு.

நான் கணக்கு எழுதிய தோல் மண்டியில் பாய் தரம் பிரிப்பவர். தோலைத் தடவுவார், "கழிவு" என்று ஓரமாக வீசுவார். நாள் முழுக்க அவர் பேசுவது அந்த ஒரு சொல்தான். கொண்டுவந்தவனுக்கு வயிறு எரியும். ஊரில் ஒருவரும் அவருக்கு முகம் கொடுப்பதில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது, மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறை.

ஒரு நாள் மதராஸிலிருந்து தோல் வாங்க வந்த ஏஜெண்டு, இரண்டு மரவில்லைகளுக்கு நடுவே நூல் சுற்றிய ஒன்றை விரலில் மாட்டிக் கீழே விட்டார். தரைவரை இறங்கிய அது தானாகக் கைக்கு ஏறி வந்தது.

"இதுக்குப் பேரு யோயோ. லண்டனே இப்ப இதைத்தான் சுத்துது" என்றார்.

பாய் என் மேஜைக்கு வந்தார். "கணக்குப்பிள்ளே, இத தெருவுல ஆட்னா நாலு பேரு வந்து நிப்பான் இல்ல?"

அவருக்கு வேண்டியது அந்த நாலு பேர்தான். கழிவுத் தோலை வட்டமாக வெட்டி, அடுக்கித் தைத்து, ஒரு கூடை நிறையச் செய்தார். எல்லாம் வந்து நிற்பவர்களுக்கு இனாம்.

அந்த வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்குப் போவதற்குள் தோல் தூறலில் ஊறிவிட்டது. கீழே போனது மேலே வர மறுத்தது. ஆட்டிக் காட்ட வழியில்லாமல் பேரைச் சொல்லிக் கூவினார்: "யோயோ! யோயோ!"

ஜட்காக்காரன் வண்டியை நிறுத்தினான். "இன்னா பாய், யாரப் பாத்து யோவ்ங்கற?"

"உன்ன இல்லப்பா, இதுக்குப் பேரு..."

"தோலக் கழிச்ச. இப்ப ஆளையும் கழிக்கிறியா?"

கூட்டம் சேர்ந்தது. அதை விலக்க வந்த போலீஸ்காரர் காதிலும் 'யோயோ' விழுந்தது.

"போலீஸையே யோவ்ங்கறியா?"

"ஐயா, அது பொம்மை பேரு."

"யாருய்யா பொம்ம? நட ஸ்டேஷனுக்கு!"

பெஞ்சு கோர்ட்டில் எட்டணா அபராதம். பாயிடம் இல்லை, முணுமுணுத்துக்கொண்டே நான் கட்டினேன்.

"உங்களுக்கு எதுக்கு பாய் இந்த பேஜாரு?"

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "பாத்தியா கணக்குப்பிள்ளே? கூப்ட உடனே அத்தினி பேரும் திரும்பிப் பாத்தான்!"

சம்பளத்தன்று கடனைத் தீர்க்க என் அறைக்கு வந்தார். டீ குடித்தோம். எனக்கும் அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. நாணயம் தேய்ந்திருக்கிறது, அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்றேன். அடுத்த வாரம் வேறொரு சாக்கு. அவரும் சளைக்காமல் வந்தார். வாழ்நாளில் நான் வசூலிக்காமல் விட்ட பாக்கி அந்த எட்டணா ஒன்றுதான்.